கடைமடை நரம்புகள்

எச்.ஐ.வி. என்னும் வைரஸைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்திருப்பதெல்லாம், அது தேகத்தின் நோய் எதிர்ப்புச் சக்தியைச் சிறுகச் சிறுக அழித்து, காசநோய் முதலான வியாதிகளுக்கு வழி திறந்துவிடும் என்பதே ஆகும். அது உண்மைதான், ஆயினும் முழு உண்மை அன்று. எச்.ஐ.வி.க்கு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையங்களில் மாதந்தோறும் மாத்திரை வாங்க வருவோர், மருத்துவர் பரிவோடு விசாரித்தால், காய்ச்சலையும் இருமலையும் பற்றிச் சொல்வதோடு நில்லாமல், "உள்ளங்கால் எரியுது", "பாதம் மதமதன்னு இருக்கு", "ராத்திரியானா குத்துது, தூக்கமே இல்லை" என்று தம் கால்களைப் பற்றியும் முறையிடுவார்கள். எச்.ஐ.வி. தொற்றினால் நரம்பு மண்டலத்திற்கு நேரும் கேடுகளுள், மிகச் சாதாரணமாகக் காணப்படுவதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் கால்களின் உணர்ச்சி நரம்புகள் அழிந்து போகும் இந்த வியாதிதான்.

இது பெரும்பாலும் கால்விரல்களின் நுனியிலிருந்தே தொடங்குகிறது. இரண்டு கால்களிலும் ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே அளவில், முதலில் விரல்களிலும் பின்னர் உள்ளங்காலிலும் மரப்பும் எரிச்சலும் தோன்றி, மாதங்களும் வருஷங்களும் செல்லச் செல்லக் கணுக்காலைக் கடந்து கெண்டைக்கால் வரை ஏறி, முழங்காலை நெருங்கும் தருவாயில் கைவிரல்களின் நுனியிலும் அதே மரப்பு தலைகாட்டுகிறது. இதில் விபரீதம் என்னவென்றால், ஸ்பரிசத்தை அறியும் சக்தி குன்றிப்போன அதே தோல்தான், சகிக்க முடியாத வேதனையையும் அறிகிறது. பகலில் செருப்பு காலைவிட்டுக் கழன்றதைக்கூட உணராத ஒருவர், இரவில் மெல்லிய போர்வை பாதத்தின்மீது படுவதைத் தாங்கமாட்டாமல் அதை உதறிவிட்டு, குளிர்ந்த தரையில் காலை ஊன்றியபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பார். தசைகளின் வலிமை பெரும்பாலும் குறைவதில்லை. தோலில் புண்ணோ வீக்கமோ தென்படுவதில்லை. ஆகவே, துன்பப்படுபவரின் வாய்ச்சொல்லைத் தவிர, அவருடைய துன்பத்திற்குக் கண்கண்ட சாட்சி ஏதும் கிடையாது. ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி நோயையே மறைத்து வாழும் ஒருவர், பிறர் நம்புவதற்கு அடையாளம் எதுவுமில்லாத ஒரு வலியையும் சேர்த்துச் சுமக்க நேருவது எத்தகைய தனிமை என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலில் இனங்காணப்பட்டது. 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தில் பிரான்சுவா பாரே-சினூசியும் லூக் மாண்டாக்னியரும் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, இந்தியாவிலும் அந்தக் கிருமி புகுந்துவிட்டது என்னும் செய்தி ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று. அந்த நாட்களில் மருத்துவர்களின் கவனமெல்லாம் நோயாளியின் உயிரைச் சில மாதங்களேனும் நீட்டிப்பதிலேயே இருந்தமையால், கால் எரிச்சல் என்பது பொருட்படுத்தத்தக்க விஷயமாக எவருக்கும் தோன்றாதிருந்ததில் வியப்பில்லை. எனினும் 1988-லேயே, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் கார்ன்பிளாத், ஜஸ்டின் மக்கார்தர் என்னும் நரம்பியல் அறிஞர் இருவர், எய்ட்ஸ் நோயாளிகளிடம் உணர்ச்சி நரம்புகளையே முதன்மையாகத் தாக்கும் ஒரு தனி வியாதி காணப்படுகிறது என்று விவரித்து எழுதினார்கள்.

அந்த வியாதி ஏன் காலின் நுனியிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் கேள்விக்கு விடை, நரம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. கால் பெருவிரலில் படும் சூட்டையோ முள்ளையோ மூளைக்கு அறிவிக்கும் நரம்பணுவின் உடல், காலில் இல்லை. இடுப்புக்கருகில், முதுகெலும்பின் இரு மருங்கிலும் வரிசையாக அமைந்துள்ள நரம்பு முடிச்சுகளுக்குள் அது இருக்கிறது. அந்த அணுவுடலின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கலாம். அதிலிருந்து புறப்பட்டுப் பெருவிரல்வரை ஓடும் இழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவையும், அதன் எரிசக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளும் அணுவுடலில் தோன்றி, இழையின் உட்புறமாகவே நெடுந்தூரம் பயணம் செய்து நுனியை அடைந்தாக வேண்டும். விரைவாகச் செல்லும் சரக்குகள் ஒரு நாளில் ஓரடிக்கு மேல் போகும். மெதுவாகச் செல்பவையோ ஒரு நாளில் ஓரிரு மில்லிமீட்டரே நகரும். அணையில் நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும், தலைமடை வயல் பசுமையாக இருக்கும்போதே கடைமடைப் பயிர் முதலில் வாடுவதைத் தஞ்சைத் தரணியில் கண்டவர்களுக்கு, இடுப்பருகே உள்ள அணுவுடல் சற்றே நலிவுற்றாலும் கால்விரல் நுனி முதலில் ஏன் மடிகிறது என்பதை வேறு விளக்கமின்றி உணர முடியும். உயரமானவர்களுக்கு இந்த வியாதி வரும் வாய்ப்பு மிகுதி என்று மெல்போர்ன், கோலாலம்பூர், ஜகார்த்தா ஆகிய நகரங்களின் நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் 2009-ல் கண்டறிந்ததும் இந்தக் காரணத்தோடு பொருந்தி வருகிறது.

அப்படியானால், நரம்பணுவை நலிவுறச் செய்வது எது? வைரஸ் நரம்புக்குள் புகுந்து அதைத் தின்றுவிடுகிறது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் உண்மை அதைவிடச் சூட்சுமமானது. எச்.ஐ.வி. ஓர் அணுவுக்குள் நுழைய வேண்டுமானால், அந்த அணுவின் மேற்பரப்பில் சி.டி.4 என்னும் புரதம் இருக்க வேண்டும். சில வெள்ளணுக்களிலும், கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கணுக்களிலும் அது உண்டு. உணர்ச்சி நரம்பணுக்களிலோ அந்த வாயில் இல்லை. ஆகவே வைரஸ் நரம்பணுவுக்குள் குடியேறிப் பெருகுவதில்லை. அக்கம்பக்கத்தில் நடக்கும் போரில்தான் நரம்பணு மடிகிறது.

அந்தப் போர் இரண்டு வழிகளில் நடக்கிறது. வைரஸின் மேலுறையில் ஜி.பி.120 என்றொரு புரதம் உண்டு. வைரஸிலிருந்து உதிர்ந்து தனித்துத் திரியும் இந்தப் புரதம், நரம்பிழைகளுக்கு உறையாகவும் செவிலியாகவும் அமைந்த ஷ்வான் அணுக்களின் மேற்பரப்பிலுள்ள வேறு சில ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. அதனால் தூண்டப்பட்ட ஷ்வான் அணுக்கள் சில இரசாயனச் செய்திகளை வெளியிட, அவற்றைப் பெற்ற நரம்பணுக்கள் டி.என்.எஃப். என்னும் நச்சுத்தன்மை வாய்ந்த பொருளைச் சுரந்து, தம்மையும் தம் அண்டை அணுக்களையும் அழித்துக்கொள்கின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட நரம்பணுக்களில் இந்தச் சங்கிலி படிப்படியாகக் காட்டப்பட்டிருக்கிறது; ஜி.பி.120 அணுவுடலைத் தொடாமல் இழையை மாத்திரம் தீண்டினாலும், தீண்டிய இடத்திலேயே இழை சிதைவதும் காணப்பட்டிருக்கிறது. மற்றொரு வழி, பெருவிழுங்கணுக்களின் வழி. வைரஸ் தொற்றிய அந்த அணுக்கள் நரம்பு முடிச்சுகளுக்குள் பெருந்திரளாகப் புகுந்து, அழற்சியை மூட்டும் பொருள்களை இடைவிடாமல் கக்குகின்றன. மூளைக்கும் தண்டுவடத்திற்கும் இரத்தக் குழாய்களின் சுவரே காவலாக நின்று வேண்டாதவற்றைத் தடுக்கிறது; முதுகோரத்து நரம்பு முடிச்சுகளுக்கோ அத்தகைய இறுக்கமான காவல் இல்லை. இரத்தத்தில் மிதப்பது எதுவாயினும் அவற்றுக்குள் எளிதில் கசிந்துவிடும். இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், நரம்பணு இருந்த இடத்தில் அது மடிந்ததற்கு அடையாளமான சிறு அணுக்கூட்டம் மாத்திரம் மிஞ்சியிருப்பதையும், சுற்றிலும் பெருவிழுங்கணுக்கள் மொய்த்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

நரம்பு செத்தால் உணர்ச்சி அற்றுப் போக வேண்டும் அல்லவா, வலி எங்கிருந்து வருகிறது என்று வாசகர் கேட்பது நியாயமே. நரம்பு ஒரே நாளில் சாவதில்லை. நுனியிலிருந்து பின்னோக்கிச் சிறுகச் சிறுக மடிகிறது. அறுந்த நுனியை உடைய இழை, தன் சவ்விலுள்ள சோடியம் வழிகள் தாறுமாறாகத் திறப்பதனால், எவரும் தொடாமலே தானாகச் சமிக்ஞைகளை எழுப்புகிறது. அதன் அருகில் காயமுறாமல் இருக்கும் இழைகளும், அழற்சிப் பொருள்களில் மூழ்கியிருப்பதால், சிறிய தூண்டுதலுக்கும் பெரிய கூக்குரலிடுகின்றன. இந்த ஓயாத கூக்குரலைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடத்திலுள்ள அணுக்களும் தம் இயல்பு மாறி, ஸ்பரிசத்தையே வலியாக மூளைக்கு அறிவிக்கத் தொடங்குகின்றன. போர்வையின் தொடுகை நெருப்பாகத் தோன்றுவது இதனால்தான். அந்த வலி ஏன் எரிச்சலின் உருவத்திலேயே வருகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. முதலில் மடியும் மெல்லிய இழைகளே சூட்டையும் வலியையும் சுமப்பவை. சுமார் 43 டிகிரி வெப்பத்தில் திறந்துகொள்ளும் ஓர் ஏற்பி அவற்றின் நுனியில் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதே ஏற்பியையே திறக்கிறது என்று டேவிட் ஜூலியஸ் 1997-ல் கண்டறிந்தார். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது அந்தக் கண்டுபிடிப்பையொட்டித்தான். நெருப்பும் மிளகாயும் இல்லாமலே அந்த இழைகள் சமிக்ஞை எழுப்பும்போது, மூளைக்கு அது எரிவதாகவே புலப்படுகிறது.

இனி, இந்த வரலாற்றின் மிகத் துயரமான பகுதிக்கு வருவோம். உயிர்காக்க வந்த மருந்தே நரம்பைக் கெடுத்தது. 1987-ல் வெளிவந்த சிடோவுடின் என்னும் முதல் மருந்தை அடுத்து, 1991-ல் டைடனோசின், 1992-ல் சால்சிடபின், 1994-ல் ஸ்டாவுடின் என மூன்று மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வைரஸ் தன் மரபுப் பொருளைப் படியெடுக்கும்போது, உண்மையான கண்ணிக்குப் பதிலாகப் போலிக் கண்ணியொன்றைச் செருகிச் சங்கிலியை முறிப்பதே இவற்றின் தந்திரம். துரதிருஷ்டவசமாக, நம் அணுக்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப் பொருளைப் படியெடுக்கும் காமா பாலிமரேஸ் என்னும் நொதியும் அந்தப் போலிக் கண்ணியில் ஏமாந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா கெட்டால் எரிசக்தி குன்றும். எரிசக்தி குன்றினால், நெடுந்தூரம் சரக்கு அனுப்ப வேண்டிய நரம்பிழையின் நுனியே முதலில் பட்டினி கிடக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரங்கள்வரை வலி ஏறிக்கொண்டே போவது இந்த மருந்துகளின் ஒரு குணம். நிறுத்தியும் குணமில்லையே என்று நோயாளியும் மருத்துவரும் கலங்கிய நாட்கள் பல.

ஆயினும் ஸ்டாவுடினைத் தூற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. 2001-ல் இந்தியாவின் சிப்லா நிறுவனம், ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்றும் சேர்ந்த சிகிச்சையை வருஷத்திற்கு 350 டாலர் விலையில் தர முன்வந்தபோது, அதுவரை செல்வ நாடுகளுக்கே உரியதாயிருந்த உயிர்ப்பிச்சை, ஆப்பிரிக்க, ஆசிய ஏழைகளின் கைக்கும் எட்டியது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசின் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கியபோது, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் அதில் இடம்பெற்றது. அன்று நம் மக்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பிய மாத்திரைகளுள் ஸ்டாவுடினும் ஒன்று. மலிவானது, எளிதில் கொடுக்கக்கூடியது, இரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஏற்றது. உயிரா, கால் எரிச்சலா என்ற கேள்வி எழுந்தபோது உயிரைத் தேர்ந்தெடுத்தது தவறாகாது. மாற்று மருந்து கைக்கு வந்த பின்னும், கால் எரிச்சலைப் பற்றி முறையிட்டவரை "சாகாமல் பிழைத்தீரே, அது போதாதா" என்று வாயடைத்ததுதான் தவறு. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. இப்போது வழங்கப்படும் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரையால் இத்தகைய நரம்புக்கேடு விளைவதில்லை.

நம் நாட்டில் மற்றொரு மருந்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் அடிக்கடி வருவதால், ஐசோனியசிட் என்னும் மருந்தை அவர்கள் உட்கொள்ள நேருகிறது. இது தேகத்திலுள்ள பி6 வைட்டமினை வெளியேற்றி, உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கக் கூடியது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையத்தின் மருத்துவர்கள், போதிய ஊட்டமின்றி வாழ்ந்த சென்னை ஏழைகளுக்கு ஐசோனியசிட் மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தபோது இந்த நரம்புக்கேடு தோன்றுவதையும், பி6 வைட்டமினைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் அது தடைபடுவதையும் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். எச்.ஐ.வி. என்ற பெயரே உலகம் கேட்டிராத காலத்தில் நம் ஊரில் கிடைத்த அந்த அறிவு, இன்று எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து வந்தவர்களின் பாதங்களைக் காக்கிறது.

நோயைக் கண்டறிவதில் ஒரு சங்கடம் உண்டு. நரம்பில் மின்சாரம் செலுத்தி வேகத்தை அளக்கும் சோதனை, தடித்த, வேகமான இழைகளையே அளக்கும். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகளோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலேயே செய்தி அனுப்புபவையாதலால், அந்தக் கருவியின் கணக்கில் அகப்படுவதில்லை. ஆகவே சோதனைச் சீட்டில் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதப்பட்டிருக்கும்போதே நோயாளி துடித்துக்கொண்டிருக்கலாம். கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் அகலமுள்ள தோல்துண்டை எடுத்துச் சாயமிட்டு, மேல்தோலுக்குள் ஏறும் நரம்பிழைகளை எண்ணிப் பார்க்கும் முறை ஒன்று வந்த பிறகுதான், அவருடைய சொல்லுக்குக் கண்கண்ட சாட்சி கிடைத்தது. அந்த வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. ஆனால் 128 அதிர்வுடைய இசைக்கவை ஒன்றைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு எத்தனை நொடிகள் தெரிகிறது என்று கேட்பதற்கும், கணுக்கால் அனிச்சையைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பதற்கும், தாலுகா மருத்துவமனையிலும் இரண்டு நிமிஷம் போதும்.

வைரஸை முற்றிலும் அடக்கிவிட்டால் நரம்பு பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை 1996-க்குப் பிறகு கூட்டுச் சிகிச்சை பரவியபோது எழுந்தது. அது பாதியே நிறைவேறியது. அமெரிக்காவின் 6 மருத்துவ மையங்களில் 1539 பேரைப் பரிசோதித்து 2010-ல் வெளியான ஆய்வில், 881 பேரிடம் இந்த நரம்புக்கேட்டின் அடையாளங்கள் காணப்பட்டன. அவர்களுள் 38 சதவீதத்தினர் வலியால் வருந்தினர். ஸ்டாவுடினைக் கைவிட்ட பிறகும், இரத்தத்தில் வைரஸ் தென்படாத பிறகும் வலி நீடிப்பதன் இரகசியத்தில் ஒரு பகுதியை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளிப்படுத்தினார்கள். இந்த வியாதியோடு இறந்தவர்களின் நரம்பைக் கணுக்காலிலும், மேலே முதுகெலும்பின் அருகிலும் எடுத்து ஒப்பிட்டபோது, மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப் பொருளில் நேர்ந்த சிதைவு கணுக்காலிலேயே மிகுந்திருந்தது. நெடும்பயணத்தால் மூப்படைந்து நுனியை வந்தடைந்தவை, வழியில் பட்ட காயங்களையெல்லாம் தம்மோடு சுமந்து வந்திருந்தன.

சிகிச்சையைப் பற்றி வாசகருக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. நீரிழிவு நோயாளிகளின் கால் எரிச்சலைத் தணிக்கும் மருந்துகள் பல, இங்கே ஏமாற்றமளித்திருக்கின்றன. அமிட்ரிப்டிலினும், பிரிகேபலினும், முறையான சோதனைகளில் மருந்தற்ற வெற்று மாத்திரையைவிட மேலானவை என்று நிரூபணமாகவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் இயற்கைப் புரதத்தை ஊசியாகச் செலுத்திய சோதனையில் வலி குறைந்தது. ஆனால் நரம்பிழைகள் மீண்டும் வளரவில்லை. கேப்சைசினை 8 சதவீதம் செறிவித்த ஒட்டுப்பட்டை, ஒரு முறை பாதத்தில் ஒட்டினால், மூன்று மாதம்வரை சிலருக்கு நிவாரணம் தருவதாக 2008-ல் தெரிந்தது. அடுத்து நடந்த சோதனையோ அதை உறுதிப்படுத்தவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2007-ல் 50 பேரிடம் நடந்த சோதனையில், கஞ்சா புகைத்தவர்களின் வலி 34 சதவீதமும், மற்றவர்களின் வலி 17 சதவீதமும் குறைந்தன. நம் நாட்டில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதோடு, நலிந்த நுரையீரலுக்குப் புகை ஏற்றதுமன்று. இவ்வாறிருந்தும், தனிப்பட்ட ஒரு நோயாளிக்கு இவற்றுள் ஒன்றோ இரண்டோ பயன்படுவதுண்டு. ஒன்று பலிக்காவிட்டால் மற்றொன்று என்று பொறுமையோடு மாற்றிப் பார்ப்பதே அனுபவம் காட்டும் வழி.

இன்று ஏ.ஆர்.டி. மையங்களுக்கு வருபவர்களில், 2004-ஐ ஒட்டிய வருஷங்களில் ஸ்டாவுடின் உட்கொண்டவர்கள் ஐம்பது வயதைக் கடந்து கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீரிழிவும் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே உணர்ச்சி குன்றிய பாதத்தில் இரண்டாவது அடி விழுகிறது. மதுப்பழக்கமும், பி12 வைட்டமின் குறைவும் அதே இடத்தைத்தான் தாக்குகின்றன. உணர்ச்சியற்ற பாதம், வலிக்காத காரணத்தாலேயே மிதிபட்டு மிதிபட்டுச் சிதைகிறது என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளரிடம் பல்லாண்டு ஆராய்ந்து காட்டினார். அவர்களுக்குப் பயன்பட்ட எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பு, இந்த நோயாளிகளுக்கும் அப்படியே பொருந்தும். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிப்பதும், வெயிலில் வெறுங்காலோடு நடவாதிருப்பதும், இரவு படுக்கப் போகுமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதும் காசு செலவில்லாத உபாயங்கள். மருத்துவரின் பக்கத்திலோ, பழைய சிகிச்சை அட்டையைப் புரட்டி இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை ஸ்டாவுடின் என்று குறித்துக்கொள்வதும், ஐசோனியசிட் எழுதும் அதே சீட்டில் பி6 எழுதுவதும், செருப்பைக் கழற்றச் சொல்லி வருஷத்துக்கு ஒரு முறையேனும் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும் இன்றே தொடங்கக் கூடியவை.